கையைக் காக்கும் வரைபடம்

வட இந்தியாவில் ஏப்ரல் மாதம் கோதுமை அறுவடைக் காலமாகும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் கோதுமை விளைச்சல் பெருகவே, மாடுகளைக் கொண்டு போரடிக்கும் பழைய முறை போதாததாயிற்று. விசையால் இயங்கும் கதிரடிப்பு யந்திரங்கள் களத்துக்குக் களம் பரவின. அவற்றுள் பெரும்பாலானவை சிறு பட்டறைகளில் செய்யப்பட்டவை.

இந்த யந்திரங்கள் வேலையைச் சுருக்கியபோதிலும், பலர் அவற்றில் கைகளை இழந்தனர். கதிரைச் செலுத்தும் வாய் குட்டையாக இருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். வேகமாகச் சுழலும் உருளை கதிரைப் பற்றி இழுக்கையில், தள்ளும் கையும் உடன் அகப்பட்டுக்கொள்ளும். ஓய்வின்றி நெடுநேரம் வேலை செய்வோருக்கு அபாயம் இன்னும் அதிகம்.

பரிகாரம் எளியதே. செலுத்துவாயின் நீளம் குறைந்தது 90 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். அதில் உருளையை அடுத்த பகுதி 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மூடப்பட்டிருத்தல் வேண்டும். அப்போது வெளியே நிற்பவரின் கை உருளையை எட்டாது. சற்று அதிகமான தகடே இதற்குத் தேவை.

ஆனால், வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே தொழில் புரியும் பட்டறைகளுக்கு இந்த அளவு எவ்வாறு சென்று சேரும்? இங்குதான் பொதுவான வரைபடத்தின் பயன் விளங்குகிறது. 1947-இல் தோன்றி, 1987 முதல் இந்திய தர நிர்ணய அமைவனம் எனப் பெயர் பெற்ற நிறுவனம், ஐ.எஸ். 9020 என்னும் தரவிதியில் கதிரடிப்பு யந்திரங்களின் பாதுகாப்புத் தேவைகளை வரையறுத்தது. உற்பத்தியாளர், ஆராய்ச்சியாளர், சோதனையாளர், உபயோகிப்போர் ஆகியோர் ஒரே குழுவில் அமர்ந்து இத்தகைய விதிகளை வகுக்கின்றனர். 1983-இல் இயற்றப்பட்ட அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இப்பாதுகாப்புக்குச் சட்ட வலிமை அளித்தது.

பொது அளவு இல்லாதபோது, “வாய் சிறியது” என விவசாயி கூறினால், “போதுமானது” என்று பட்டறைக்காரர் மறுமொழி கூறலாம். அளவு உள்ளபோது, “இது 60 சென்டிமீட்டரே உள்ளது” என்னும் சொல்லுக்கு மறுப்பில்லை. குறையைச் சுட்டுபவரும் திருத்துபவரும் ஒரே மொழியைப் பேசுகின்றனர்.

வேலை தாமதமாகிறதென்று மூடியைக் கழற்றிவிடுவோரும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதால் மட்டும் பயனில்லை. கதிர் எங்கே சிக்குகிறது, வாயின் சரிவு எவ்வளவு, கட்டின் பருமன் என்ன என்பவற்றை அளந்து எழுதி, அருகிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஊழியர்கள் அனுப்புவார்களாயின், அடுத்த வரைபடம் திருந்துவதற்கு அது துணையாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. செலுத்துவாயைப் பத்தில் ஒரு பங்கு அளவில் மாணவர்களைக் கொண்டு வரையச் செய்யலாம். 90 சென்டிமீட்டர் தாளில் 9 சென்டிமீட்டராகும். பின்னர் ஒவ்வொருவரும் தம் கையின் நீளத்தை அதே அளவில் அதனருகே வரைந்து பார்க்கட்டும். அந்த 90 சென்டிமீட்டர் எதற்காக என்பது அவர்களுக்குத் தானே புலப்படும். வீட்டுக் களத்திலுள்ள யந்திரத்தையும் அவர்கள் அளந்து பார்ப்பார்கள்.