கல்யாண கேசட்டை டிஸ்க் ஆக்கும்போது குரல் கெடுவது ஏன்?

மைசூர், அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பையும் நகரத்து ஆலைகளையும் நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பீரோவின் மேல்தட்டில் இரண்டொரு வீடியோ கேசட்டுகளைக் காணலாம். 1980களிலும் 90களிலும் சொந்த ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மணிவிழா ஆகியவற்றைப் பிடித்த கேசட்டுகள் அவை. லீவு கிடைக்காமல் ஊருக்குப் போக முடியாதவர்கள் விசேஷத்தைக் கண்டதே அவற்றில்தான். அன்று ஆசீர்வாதம் செய்த பெரியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் முகத்துக்குப் போட்டோ உண்டு. குரலுக்கு அந்த நாடா ஒன்றுதான் உண்டு.

கேசட்டைக் கடையில் கொடுத்து டிஸ்க்காக மாற்றி வாங்கியபின், படம் நன்றாக இருந்தும் பேச்சு கரகரப்பதாகப் பலர் குறைப்படுகிறார்கள். "பழைய கேசட், அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்து நாடாவைக் குப்பையில் போட்டுவிடுபவர்களும் உண்டு. அங்கேதான் நஷ்டம் ஏற்படுகிறது. பல சமயம் கோளாறு நாடாவில் இல்லை. மாற்றும் வேலையில் இருக்கிறது.

முதல் சோதனை

கேசட்டை டெக்கில் போட்டு, நேராக டி.வி.யில் கேட்க வேண்டும். அங்கே பேச்சு தெளிவாக இருந்து டிஸ்க்கில் மட்டும் கரகரத்தால், மாற்றும்போது கெட்டது என்று பொருள். மறுபடி மாற்றினால் சரியாகிவிடும். டி.வி.யிலேயே கரகரத்தால், வேறொரு டெக்கில் போட்டுப் பார்த்த பிறகே நாடாவைக் குறை சொல்லலாம்.

ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி 1976ல் கொண்டுவந்த வி.எச்.எஸ். கேசட்டில், சாதாரண ஒலி நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிகிறது. நம் நாட்டு முறையில் அந்த நாடா விநாடிக்கு 2.34 செ.மீ. தான் நகரும். பாட்டு கேசட்டின் வேகம் 4.76 செ.மீ. ஆகவே வீடியோ கேசட்டின் ஒலி பிறக்கும்போதே சற்று மெலிந்தது. டெக்கின் ஆடியோ ஹெட்டில் அழுக்குப் படிந்தாலோ, அது இம்மியளவு சாய்ந்திருந்தாலோ குரல் மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மெக்கானிக் ஹெட்டைத் துடைத்துச் சரிசெய்தால் போதும். ஹைஃபை டெக்கில் 'பர்ர்' என்று இரைந்தால், ஒலியை 'நார்மல்' டிராக்குக்கு மாற்றிப் பார்க்கலாம்.

கெட்டிமேளமே அளவுகோல்

பெரும்பாலான கரகரப்புக்குக் காரணம் ஒலி அளவு மிஞ்சுவதே. டெக்கிலிருந்து வரும் ஒயரைக் கம்ப்யூட்டரின் 'லைன் இன்' துளையில் செருக வேண்டும். மைக்குக்கான துளையில் செருகினால், அது தாங்கக்கூடியதைப்போல் நூறு மடங்கு வரை வலுவான ஒலி உள்ளே பாயும். ஒலியலையின் உச்சிகள் வெட்டப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த சாஃப்ட்வேராலும் முழுமையாக மீட்க முடியாது.

கல்யாண கேசட்டில் மிக உரத்த இடம் தாலி கட்டும்போது முழங்கும் கெட்டிமேளம். அந்த இடத்தை முதலில் ஓடவிட்டு, முள் சிவப்புக் கோட்டைத் தொடாதபடி அளவைக் குறைத்துக்கொண்டு, பிறகு முழுக் கேசட்டையும் பதிவு செய்யச் சொல்லவேண்டும். பாட்டியின் மெல்லிய பேச்சைப் பிற்பாடு உயர்த்திக்கொள்ளலாம்.

விடாமல் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் அது 50 சைக்கிள் மின்சாரத்தின் ஓசை. டெக்கில் மாட்டியிருக்கும் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து.

குரல் தடித்து, உதடு ஓரிடமும் பேச்சு ஓரிடமுமாக நழுவினால் கணக்கு பிசகியிருக்கிறது. டி.வி.டி.யில் ஒலி விநாடிக்கு 48,000 கூறுகளாகவும், ஆடியோ சி.டி.யில் 44,100 கூறுகளாகவும் பதியப்படுகிறது. முதல் கணக்கில் பதித்ததை இரண்டாம் கணக்கில் ஓட்டினால் ஒரு மணிப் பேச்சு 65 நிமிடத்துக்கு இழுக்கும். தொடக்கத்திலேயே 48,000 என்று வைத்துப் பதிவு செய்வதே வழி.

காலம் குறைவு

வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நல்ல டெக்கும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கையும் அருகி வருகின்றன. மழைக்கால ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட கேசட்டைச் சுத்தம் செய்யாமல் ஓட்டக்கூடாது. நாடா அறுந்துபோகலாம், டெக்கும் கெடும்.

கடையில் கொடுக்கும்போது முதலில் ஐந்து நிமிடம் மட்டும் மாற்றித் தரச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து காதால் கேட்டபின் மீதியை ஒப்படைப்பது நல்லது. டிஸ்க்கும் நிரந்தரமல்ல. எழுதும் டிஸ்க்கின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். ஆகையால் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதியும், ஊரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டில் ஒரு பிரதியும் இருக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகும் பழைய கேசட்டை எறிந்துவிட வேண்டாம். டிஸ்க்கில் குறை இருப்பது பிறகு தெரியவந்தால், திரும்பப் போய்க் கேட்க அது ஒன்றுதான் மிச்சம்.