நேரடி இரண்டாம் ஆண்டு

விடியற்காலை ஷிப்டுக்காகச் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்களில் டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்கள் ஏராளம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் தொடங்கி ஒரகடத்தின் டைம்லர், ராயல் என்ஃபீல்டு வரை நீளும் இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் டிப்ளமோ டிரெய்னி, கிராஜுவேட் டிரெய்னி என்ற பாகுபாடு எல்லோருக்கும் தெரியும். ஒரே கூரைக்கடியில் வேலை பார்த்தாலும் சம்பளமும் பதவி உயர்வும் பொதுவாக வேறு. பள்ளியில் மார்க் குறைந்ததற்கு விதித்த விலை இது என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். பள்ளி மார்க் குறைந்தவரும் நல்ல பொறியியல் கல்லூரியில் சேர முறையான வழி ஒன்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த வழி பெரும்பாலும் தவறிப்போவது, டிப்ளமோ முடிக்கும் மாதத்தில் அவசரமாக எடுக்கும் முடிவால்.

பிளஸ் டூ வழியாகப் போனால் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது என்பதால் சில வாரங்களுக்குள் எழுதும் மூன்று தாள்களே கல்லூரியைத் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன இன்னொரு வழி, டிப்ளமோ முடித்தவரை பி.இ.யில் எடுக்கும், லேட்டரல் என்ட்ரி எனப்படும் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. அதில் தரவரிசை டிப்ளமோ மார்க்கை வைத்துப் போடப்படுகிறது. பத்தாவதில் என்ன வாங்கினார் என்று அங்கே யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகள் நடத்திய இந்தக் கலந்தாய்வில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்றவற்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. பத்தாவது முடித்தவருக்கு இதில் ஒரு வருடம்கூட வீணாவதில்லை. டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, ஆக ஆறு. பிளஸ் டூ வழியிலும் இரண்டும் நான்கும் ஆறுதான். பிளஸ் டூவில் சறுக்கியவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் ஒரு வருடம் கூடுதலாகும். ஐடிஐ முடித்தவருக்கும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு வழியாக இதே பாதை உண்டு.

இது கொல்லைப்புற வழி, 195 கட்-ஆஃப் எடுத்தவருக்கு அநியாயம் என்பார்கள். இந்த இடங்கள் முதலாண்டு மாணவரிடமிருந்து பறிக்கப்படுபவை அல்ல. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயின் விதிப்படி அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 10 சதவீதம் வரை கூடுதலாகத் தரப்படுபவையும், காலியாகக் கிடப்பவையுமே. தவிர, பதினைந்து வயதில் எழுதிய ஒரு தேர்வைவிட, செமஸ்டர் செமஸ்டராக எழுதிய தாள்களும் லேப் மார்க்கும் ஒருவரின் படிப்பை நம்பகமாகக் காட்டும் என்றே நினைக்கிறேன். கலிபோர்னியா மாநிலம் 1960-இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் நன்றாகப் படித்தவரைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு முக்கிய இடம் கொடுத்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் கணக்குப் பாடம் பற்றியது. லேட்டரலில் வருபவர் முதலாண்டின் இரண்டு கணிதத் தாள்களைப் படிக்காமல் மூன்றாம் செமஸ்டருக்குள் நுழைகிறார். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல் மாணவருக்கு அங்கே காத்திருப்பது ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். லேத்திலும் மெஷின் டிராயிங்கிலும் வகுப்பையே மிஞ்சுபவர் இந்தத் தாளில் அரியர் வைப்பதுண்டு. மறைக்க வேண்டிய விஷயமல்ல இது. ஆனால் தகுதி இல்லை என்பதற்கு இது சான்றும் ஆகாது. தொகையீட்டைக் கையில் எடுத்துப் பழகாததன் விளைவு. டிப்ளமோ முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் இடையே கிடைக்கும் வாரங்களில் முதலாண்டுக் கணிதத்தைப் போட்டுப் பார்த்தவருக்குப் பாரம் பெரிதும் குறையும்.

அந்த வாரங்களில்தான் ஒரகடம் கூப்பிடுகிறது. பாலிடெக்னிக் வளாகத்துக்கே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கின்றன. கடைசி செமஸ்டர் முடிந்ததும் வேலை, கையில் சம்பளம். கடன் இருக்கும் வீட்டில் இதை வேண்டாம் என்று சொல்வது லேசல்ல, வெளியிலிருந்து உபதேசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கலாம் என்ற கணக்கு சரிவருவது கடினம். வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட் பார்ப்பவர் புத்தகத்தை எப்போது திறப்பார்? வேலையில் இருப்போருக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ 2023-இல் வழிசெய்திருக்கிறது. ஷிப்டை விட்டுக்கொடுக்கக் கம்பெனியும் சம்மதித்தால்தான் அதனால் பயன். முடிந்தவரை டிப்ளமோவோடு தொடர்ந்து படித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையையும் உதவித்தொகைகளையும் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகு, முடியாது என்று சொல்லலாம்.

பத்தாவது, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றனவே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இருக்கின்றன, பழைய மார்க் அங்கே திரும்பவும் குறுக்கே வரும். அத்தகைய கம்பெனிகளின் கேம்பஸ் தேர்வில் உட்கார முடியாமல் போகலாம். எல்லாக் கம்பெனியும் அப்படியல்ல என்பதோடு, பி.இ. கையில் இருந்தால் கேட் தேர்வு எழுதலாம். ஐஐடியில் எம்.டெக். இடத்துக்குப் பிரதானமாகப் பார்ப்பது கேட் மதிப்பெண்ணையும் பட்டப்படிப்பையும்தான்; பத்தாவது மார்க் ஷீட் அங்கே பிறந்த தேதியைச் சரிபார்க்கப் பயன்படும்.