ஆயுதமில்லாத காவலாளி

கூரை வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவிலே ஒரு வீட்டில் தீப்பற்றினால், அடுத்த வீட்டுக்காரர் தம் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? குடமும் கையுமாக ஓடி வரமாட்டாரா? இன்று உலக நாடுகளின் கணினிகள் யாவும் அந்தக் கூரை வீடுகளைப் போலவே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு நாட்டில் புகுந்த தீய நிரல், மறுநாள் பொழுது விடிவதற்குள் பத்து நாடுகளைத் தாண்டிவிடுகிறது. அதற்குக் கடவுச்சீட்டும் தேவையில்லை. சுங்கச் சாவடியும் குறுக்கே நிற்பதில்லை. இத்தகைய தீயைத் தடுப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி அமைத்த பொது நிறுவனம் ஒன்றைப் பற்றியே நாம் இங்கே காணப் போகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்பு முகமை என்பது அதன் பெயர். சுருக்கமாக எனிசா என்பார்கள்.

எனிசா 2004-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் வாயிலாகப் பிறந்தது. மறு ஆண்டில், கிரேக்க நாட்டுக் கிரீட் தீவிலுள்ள ஹெராக்லியான் நகரில் தன் பணியைத் தொடங்கியது. கிரீட் என்றவுடன், உள்ளே போனவர் வெளியே வர வழி தெரியாமல் தவிக்கும்படி மைனாஸ் மன்னன் கட்டுவித்த புதிர் மாளிகையின் பழங்கதை நம் நினைவுக்கு வருகிறது. கணினி வலையின் சிக்கல்களை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் உண்டோ என்றுகூட எண்ணலாம். ஆயினும் பெரிய தலைநகரங்களுக்கெல்லாம் வெகு தொலைவில், கடல் நடுவே அலுவலகம் வைத்ததையும், முதலில் ஐந்தே ஆண்டு ஆயுள் கொடுத்ததையும் பார்த்தால், அன்றைய அரசுகள் இதைப் பெரிதாக மதிக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இப்போது அதன் தலைமையகம் ஏதென்ஸ் மாநகரில் இருக்கிறது.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. எஸ்தோனியா என்பது சுமார் 13 லட்சம் மக்களே வாழும் சின்னஞ்சிறு நாடு. ஆனால் கணினிப் பயன்பாட்டிலோ பெரிய நாடுகளுக்கெல்லாம் முன்னோடி. நாடாளுமன்றத் தேர்தலில் இணையத்தின் மூலம் வாக்களிக்கும் முறையை உலகிலேயே முதன்முதலாக 2007 மார்ச் மாதத்தில் கொண்டுவந்தது அந்நாடுதான். அடுத்த மாதமே, சோவியத் காலத்துப் போர்வீரர் சிலை ஒன்றைத் தலைநகர் தாலினின் நடுப்பகுதியிலிருந்து அரசு அகற்றியது. அதையொட்டிக் கலவரம் மூண்டது. ஏப்ரல் 27-இல் இணையத்திலும் போர் தொடங்கிவிட்டது. அரசாங்கத் தளங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. ஏறக்குறைய மூன்று வாரங்கள் இந்தத் தொல்லை நீடித்தது.

முடக்கிய விதம் மிக எளியது. ஒரே ஓர் எடையாளர் உள்ள ரேஷன் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். பொருள் வாங்கும் எண்ணமே இல்லாத பத்தாயிரம் பேர் வரிசையில் வந்து நின்றால், அரிசிக்காக வந்த ஏழைத் தாய் என்ன செய்வாள்? அதுபோல, உலகின் பல மூலைகளிலும் உள்ள கணினிகளை, அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் வசப்படுத்தி, எஸ்தோனியத் தளங்களின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெளிநாடுகளிலிருந்து வரும் போக்குவரத்தைத் தடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கணினிகளோ பிற நாடுகளில் அல்லவா இருந்தன? பின்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளின் கணினி அவசரக் குழுக்கள் கைகொடுத்தன. இவ்வளவு பெரிய தாக்குதலுக்காக எஸ்தோனிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் ஒரே ஒரு மாணவர். அவருக்கு 2008-இல் அபராதம் விதித்தார்கள். அன்று எனிசாவால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆலோசனை கூறுவதும் அறிக்கை எழுதுவதுமே அதற்கு விதிக்கப்பட்ட வேலைகள்.

இன்றைக்கும் அதனிடம் போலீஸ் கிடையாது. திருடனைப் பிடிக்கவோ, எந்த நாட்டின் கணினியையும் திறந்து சோதனை போடவோ அதற்கு அதிகாரம் இல்லை. நாட்டின் பாதுகாப்பு தத்தம் சொந்தக் காரியம் என்று ஒவ்வோர் அரசும் கருதுவதே இதற்குக் காரணம். அப்படியானால் இந்நிறுவனத்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். ஒருவரையொருவர் அறியாத காவலர்களை ஒருவரையொருவர் அறிந்தவர்களாக்குவதே அதன் முதற்பணி. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், உறுப்பு நாடுகளின் கணினி அவசரக் குழுக்களையெல்லாம் ஒரே வலையில் பிணைத்தது. அந்த வலையின் செயலகமாக இருப்பது எனிசா. சுருங்கச் சொன்னால், தீ எங்கே பிடித்தது, எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று வீடு வீடாகச் செய்தி சொல்லும் தண்டோராக்காரர் வேலை. 2019-இல் வந்த மற்றொரு சட்டத்தால்தான் எனிசாவுக்கு நிரந்தர ஆயுள் கிடைத்தது. அதுவரை தவணை தவணையாகவே வாழ்வை நீட்டித்து வந்தார்கள்.

அந்த வலை அமைந்த சில மாதங்களிலேயே, 2017 மே 12 வெள்ளிக்கிழமையன்று வான்னாக்ரை என்னும் பணம்பறிக்கும் நிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்பது இதன் வழக்கம். இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஏறக்குறைய 19,000 சந்திப்புகள் ரத்தாயின. இதில் வேதனை என்னவென்றால், நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. மருந்து வீட்டிலேயே இருந்தும் உட்கொள்ளாதவர்களைத்தான் நோய் பிடித்தது. எனிசா உடனே தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்து, நாடுகளின் குழுக்களுக்கிடையே செய்திகளைப் பரிமாறியது. ஒன்றிய அளவில் நாடுகள் இவ்வாறு சேர்ந்து இயங்கியது அதுவே முதல் முறை.

ஆனாலும் நம் மனத்தை அதிகம் வருத்துவது அயர்லாந்தின் கதைதான். 2021 மே 14 அதிகாலையில் அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையின் கணினிகள் பூட்டப்படத் தொடங்கின. தீ மேலும் பரவாமலிருக்க எல்லாக் கணினிகளையும் அதிகாரிகளே நிறுத்த வேண்டியதாயிற்று. மருத்துவர்கள் பேனாவையும் காகிதத்தையும் தேடினார்கள். எக்ஸ்ரே படங்களும் பரிசோதனை முடிவுகளும் கைக்கெட்டவில்லை. புற்றுநோயாளிகளின் கதிரியக்கச் சிகிச்சை தடைப்பட்டது. டப்ளின் நகரின் புகழ்பெற்ற ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனை, 36 வாரம் நிரம்பிய கர்ப்பிணிகளைத் தவிரப் பிற புறநோயாளிகள் வரவேண்டாம் என்று அறிவித்தது. கணினிக் குற்றம் என்றால் ஏதோ பணக்காரர்களின் வங்கிக் கணக்கோடு போய்விடும் என்று எண்ணுகிறோமே, இருபது வாரக் கருவைச் சுமந்தபடி அன்று மருத்துவமனைக்குப் புறப்படக் காத்திருந்த பெண்ணின் நிலை என்ன?

பணம் தரமாட்டோம் என்று அயர்லாந்து அரசு உறுதியாக நின்றது. ஆறு நாட்கள் கழித்துத் திருடர்களே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இருந்தும் எல்லாம் சீராகச் செப்டம்பர் மாதம் வரை ஆயிற்று. பின்னர் நடந்த விசாரணையில் வெளியான செய்தி இன்னும் முக்கியமானது. மார்ச் 18-ஆம் நாளே ஓர் ஊழியர், மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்திருந்தார். திருடர்கள் எட்டு வாரம் வீட்டிற்குள்ளேயே குடியிருந்திருக்கிறார்கள்! இடையே எச்சரிக்கை மணிகள் சில ஒலித்தும், அவற்றின் பொருளைப் புரிந்துகொண்டு செயலாற்றுவார் இல்லை. சுகாதார அமைச்சகமும் ஒரு மருத்துவமனையும் மட்டும் தங்கள் பகுதியில் தாக்குதலைக் கண்டு தடுத்துவிட்டன. இந்த அறிக்கையை மறைத்து வைக்காமல் உலகமே படிக்கும்படி அந்தச் சேவை வெளியிட்டது. இது நம் பாராட்டுக்குரிய துணிவாகும். ஏனெனில் இத்துறையில் பெரும்பகை திருடன் அல்ல, வெட்கம். பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி நிறுவனங்கள் காயத்தை மறைக்கின்றன. அதற்குள் அதே கத்தி அடுத்தவரையும் குத்திவிடுகிறது.

ஆகவேதான் 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட புதிய ஐரோப்பியச் சட்டம் நேரக் கணக்கு விதித்தது. மருத்துவம், மின்சாரம், குடிநீர், போக்குவரத்து முதலான துறைகளின் முக்கிய நிறுவனங்கள், பெரிய தாக்குதலை உணர்ந்த 24 மணி நேரத்திற்குள் முதல் எச்சரிக்கையையும், 72 மணி நேரத்திற்குள் விவரத்தையும், ஒரு மாதத்திற்குள் முழு அறிக்கையையும் தம் நாட்டு அதிகாரிகளுக்குத் தரவேண்டும். பல நாடுகளிலிருந்தும் திரளும் இச்செய்திகளின் தொகுப்பு எனிசாவை வந்தடைகிறது. தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் ஒரு கோளாறு, 27 நாடுகளின் செய்திகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரே கும்பலின் கைவரிசை எனத் தெரியவரலாம். எங்களைக் கேட்டால், எனிசாவின் பணிகள் அனைத்திலும் இதுவே தலையாயது என்போம். மருத்துவத் துறையைப் பற்றி அது 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஆராய்ந்த தாக்குதல்களில் 54 விழுக்காடு பணம்பறிக்கும் நிரல்களால் நேர்ந்தவை என்றும், விசாரித்த நிறுவனங்களில் 27 விழுக்காடு மட்டுமே அவற்றை எதிர்க்கத் தனித் திட்டம் வைத்திருந்தன என்றும் கண்டது. அயர்லாந்தின் துயரத்திற்குப் பிறகும் இந்த நிலைதான்!

ஒத்திகைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடப்பதைப் போல, 2010 முதல் எனிசா பல நாடுகளையும் சேர்த்துக் கணினித் தாக்குதல் ஒத்திகை நடத்தி வருகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. 2020-இல் மருத்துவமனைகளைப் பற்றிய ஒத்திகை நடைபெறுவதாக இருந்தது. கொரோனாத் தொற்றினால் அது தள்ளிப்போயிற்று. இடையில்தான் அயர்லாந்தில் உண்மையான தாக்குதலே நிகழ்ந்தது. தள்ளிப்போன ஒத்திகை 2022 ஜூன் மாதத்தில் 29 நாடுகளைச் சேர்ந்த 800-க்கும் மேற்பட்ட வல்லுநர்களுடன் நடந்தேறியது. ஆய்வுக்கூட முடிவுகளை யாரோ திருத்திப் பொய்ச்செய்தி பரப்புகிறார்கள் என்பதே முதல் நாள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கற்பனைக் கதை. 2024-இல் மின்சாரமும் எரிவாயுவும் தரும் நிறுவனங்களின் முறை வந்தது.