உங்களுக்குத் தெரியுமா? மலைத் தோட்டமும் 1097-உம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள்.

இன்று நீலகிரியில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாக்காரர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தைப் பிரிந்த தனிமையும் மொழி புரியாத மருத்துவமனையும் அவர்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டுகின்றன. லைன் வீட்டுச் சுவரில் தமிழில் ஒட்டிய எச்.ஐ.வி. நோட்டீஸ், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு வெறும் காகிதம். அவரிடம் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணைச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, இந்தியிலும் பேசலாம்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியம். கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். தொற்றிய புதிதில் தெரியாமல் போகலாம் என்பதால், சந்தேகமிருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆணுறையும் இலவசமாகக் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை 2004 முதல் அரசே இலவசமாகத் தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஊர் திரும்புகிறவர் அங்குள்ள மையத்துக்கே சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். மாத்திரையை மட்டும் நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தோட்டத்து இடைவேளையில் எச்.ஐ.வி. உள்ளவரோடு ஒரே டம்ளரில் டீ குடித்தால் தொற்றாது. கொசு கடித்தாலும் தொற்றாது.