அறைக்கு ஏற்ற குளிரூட்டி

தேக்கா நிலையத்தின் மேல் உயர்ந்து நிற்கும் வீவக அடுக்குமாடிகளில் ஒரு குடும்பம் வசிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் மேற்குப் பக்கம் பார்த்த அறை பாட்டியுடையது. மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம். அங்கிருந்த பழைய குளிரூட்டி ஒரு மே மாத இரவில் நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் செலவைவிடப் புதியது வாங்குவதே மேல் என்று ஆனபின், தந்தையும் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளும் கடைக்குச் சென்றார்கள்.

"சின்ன அறைதான் சார். இருந்தாலும் 18,000 எடுத்துக்கொள்ளுங்கள். பெரியது வாங்கினால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பழையதும் 18,000தானே?" என்றார் விற்பனையாளர்.

தந்தை தலையாட்டினார். மகளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பழைய குளிரூட்டி ஓடிய காலத்தில் பாட்டி அடிக்கடி ஒரு குறை சொல்வார். "உடம்பு சில்லென்று ஆகிவிடுகிறது அம்மா. ஆனால் பிசுபிசுப்பு போகவே மாட்டேன் என்கிறது." அலமாரியில் மடித்து வைத்திருந்த பட்டுப்புடவைகளிலும் பூஞ்சை படிந்திருந்தது. அறை குளிர்ந்திருந்தும் ஈரம் ஏன் போகவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், எந்த அளவு குளிரூட்டி வாங்குவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

சிங்கப்பூரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இதைவிடச் சூடான ஊர்கள் உலகில் ஏராளம். மதுரையிலும் வேலூரிலும் கோடையில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. ஆனால் சிங்கப்பூரின் சிக்கல் வெப்பத்தோடு சேர்ந்துவரும் ஈரம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது. ஆகவே இங்கே ஒரு குளிரூட்டி இரண்டு வேலைகளைச் செய்யவேண்டும். காற்றைக் குளிர வைக்கவேண்டும். அதிலுள்ள நீரையும் பிரித்தெடுக்கவேண்டும்.

உண்மையில் இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் குளிரூட்டியே பிறந்தது. 1902ஆம் ஆண்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் விசித்திரமான தொல்லை ஏற்பட்டது. ஈரம் கூடினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணங்களை அச்சிடும்போது, அவை இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த கருவிதான் இன்றைய குளிரூட்டிகளின் முன்னோடி. மனிதர்களின் வசதிக்காக அல்ல, தாளின் வசதிக்காகச் செய்யப்பட்டது அது! சிங்கப்பூரில் 1939இல் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கு, குளிரூட்டி வசதியுடன் வந்து மக்களை வியக்க வைத்தது. பிற்காலத்தில், நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் யூ, வெப்பமண்டல நாடுகளின் வளர்ச்சிக்குக் குளிரூட்டி எவ்வளவு உதவியது என்பதைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்.

இனி, கடையில் சொல்லப்பட்ட அந்த 18,000 என்ற எண்ணைப் பார்க்கலாம். அது பி.டி.யு. என்ற வெப்ப அளவு. ஒரு தீக்குச்சி முழுவதும் எரிந்தால் வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய ஒரு பி.டி.யு. ஆகும். 9,000 என்று குறிக்கப்பட்ட குளிரூட்டி, ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து 9,000 தீக்குச்சிகளின் வெப்பத்தை வெளியே தள்ளும் ஆற்றல் கொண்டது. எண் பெரிதாக ஆக, ஆற்றலும் பெரிதாகும்.

தமிழ்நாட்டில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். அங்கே கடைக்குச் சென்றால், "ஒரு டன் வேண்டுமா, ஒன்றரை டன் வேண்டுமா?" என்றுதான் கேட்பார்கள். அது கருவியின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. எடைதான், ஆனால் கருவியின் எடை அல்ல, பனிக்கட்டியின் எடை. குளிரூட்டும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னால், அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார்கள். பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்கு முதன்முதலாகப் பனிக்கட்டி அனுப்பினார். பிறகு சென்னைக் கடற்கரையிலும் அதைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் அழைத்த அந்தக் கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் அந்தப் பெயர் வந்தது. சிங்கப்பூரிலும் வாம்போவா என்று அறியப்பட்ட வணிகர் ஹூ ஆ கே, 1854இல் ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கை அமைத்தார்.

ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோகிராம் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் முழுவதும் உருகினால் சுற்றுப்புறத்திலிருந்து 288,000 பி.டி.யு. வெப்பத்தை உறிஞ்சும். அதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 12,000. இன்று 'ஒரு டன்' குளிரூட்டி என்று சொல்லப்படுவது இதைத்தான். பனிக்கட்டிக் கப்பல்கள் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அவை விட்டுச்சென்ற அளவு மட்டும் இன்னும் கடை வாசலில் நிற்கிறது.

பாட்டியின் அறைக்கு எவ்வளவு வேண்டும்? சிங்கப்பூர் வீடுகளுக்குப் பொதுவாகப் பயன்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 700 பி.டி.யு. அறையின் பரப்பு 12 சதுர மீட்டர். எனவே 8,400 பி.டி.யு. போதும். கடையில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் 9,000, 12,000, 18,000, 24,000 என்று இருக்கும். பழைய குளிரூட்டி, தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்திருக்கிறது!

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? குளிரூட்டிக்குள் ஒரு குளிர்ச்சுருள் இருக்கிறது. அறைக் காற்று அதன்மேல் பட்டுச் செல்லும்போது, குளிர்பானக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளி படிவதுபோல, சுருளின்மேல் நீர் படியும். துளிகள் சேர்ந்து, வழிந்து, குழாய் வழியாக வெளியேறச் சிறிது நேரம் பிடிக்கும். தேவைக்கு மிஞ்சிய குளிரூட்டி, சில நிமிடங்களிலேயே அறையின் வெப்பநிலையை இறக்கிவிடும். அதிலுள்ள உணர்வி வெப்பநிலையைத்தான் பார்க்கும், ஈரத்தைப் பார்க்காது. "25 டிகிரி வந்துவிட்டது" என்று கம்ப்ரசரை நிறுத்திவிடும். சுருளில் படிந்த நீர் வழிந்தோடும் முன்பே மீண்டும் ஆவியாகி அறைக்குள் திரும்பும். சற்று நேரத்தில் அறை சூடாகும், கம்ப்ரசர் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். இரவு முழுவதும் இதே கதைதான். அறை குளிர்ந்திருக்கும், ஈரமோ அப்படியே இருக்கும். பாட்டியின் பிசுபிசுப்புக்கும் புடவையின் பூஞ்சைக்கும் காரணம் இதுவே. அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசரும் விரைவில் தேய்ந்துபோகும்.

குளிர்நாடுகளில் விறகு அடுப்பு வாங்குவோரும் இதே தவற்றைச் செய்வதுண்டு. சிறிய அறையில் பெரிய அடுப்பை வைத்துவிட்டு, வெப்பம் தாங்காமல் அதற்குப் போகும் காற்றை அடைப்பார்கள். காற்றில்லாத நெருப்பு சரியாக எரியாமல் புகையும். அந்தப் புகையிலிருந்து வரும் தார் போன்ற படிவு புகைபோக்கியில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அதுவே தீப்பற்றவும் கூடும்.

இப்போது விற்கப்படும் குளிரூட்டிகளில் பெரும்பாலானவை இன்வர்ட்டர் வகையைச் சேர்ந்தவை. இவை முற்றிலும் நிற்காமல், தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "அப்படியானால் பெரியது வாங்கினால் என்ன?" என்று கேட்கலாம். வேகத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே போக முடியாதபோது, இன்வர்ட்டரும் நின்று நின்றுதான் ஓடும்.

மிகச் சிறியது வாங்குவதும் அறிவுடைமை ஆகாது. அது ஓய்வே இல்லாமல் முழு வேகத்தில் ஓடும். இருந்தும் அறை குளிராது. 2017ஆம் ஆண்டின் ஆய்வொன்றின்படி, சிங்கப்பூர் வீடுகளின் மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு குளிரூட்டிக்கே செலவாகிறது. அதனால் எந்தப் பக்கம் தவறினாலும் மாதக் கட்டணத்தில் அது தெரியும்.

பரப்பளவு மட்டுமே கணக்கு ஆகாது. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளில் கூரை மிக உயரம். வீவக வீடுகளில் அவ்வளவு இல்லை. உயரம் கூடினால் குளிர வைக்கவேண்டிய காற்றும் கூடும். அந்தக் கடைவீடுகளின் நடுவே காற்றும் வெளிச்சமும் வர முற்றம் இருந்தது. முன்புறம் ஐந்தடி நடைபாதை வெயிலைத் தடுத்தது. குளிரூட்டியே இல்லாத காலத்தின் ஏற்பாடுகள் அவை. ஓர் அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். தீபாவளிக்கு உறவினர்கள் கூடும் வரவேற்பறையும், ஒருவர் மட்டும் உறங்கும் அறையும் ஒன்றாகிவிடுமா?

பாட்டியின் அறையில் பெரிய கேள்வி மேற்குச் சுவர்தான். மாலை முழுவதும் வெயில் அதன்மேல் விழுகிறது. அதற்காகப் பத்து விழுக்காடு கூட்டினால் 9,240 ஆகிவிடும். 9,000 சற்றுக் குறைவு. 12,000 மிக அதிகம். மகள் கடையிலேயே கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினாள். விற்பனையாளர் 12,000ஐக் காட்டினார். தந்தை யோசித்தார். பாட்டி குளிரூட்டியைப் போடுவது இரவு ஒன்பது மணிக்குமேல். அப்போது வெயில் இல்லை. சன்னல் வழியாக உள்ளே வரும் வெயிலைக் குறைக்க, பகலில் கனமான திரைச்சீலை ஒன்றை இழுத்துவிடலாம். அறையில் ஒருவர் மட்டுமே. கூடவே விசிறி ஓடினால், தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைக்கும் 25 டிகிரியே போதுமான குளிர்ச்சியைத் தரும்.

அவர்கள் 9,000ஐயே தேர்ந்தெடுத்தார்கள். அதன்மேல் ஒட்டியிருந்த எரிசக்தி வில்லையில் ஐந்து சரிக்குறிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டார்கள். குளிரூட்டிகளுக்கு அந்த வில்லை 2008 முதல் கட்டாயம். ஆனால் சரிக்குறிகள் கருவியின் சிக்கனத்தை மட்டுமே சொல்லும். அது அந்த அறைக்குப் பொருந்துமா என்பதை வாங்குபவரே கணக்கிடவேண்டும்.

புதிய குளிரூட்டியைப் பொருத்திய முதல் இரவு, அறை குளிர வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆனது. "என்னப்பா, இன்னும் குளிரவில்லையே?" என்று பாட்டி கேட்டார். மகள் அவரைச் சன்னலருகே அழைத்துச் சென்று வெளியே காட்டினாள். வடிகுழாயின் நுனியிலிருந்து நீர் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது.