ஃப்ரீலான்சருக்கு வேலை கொடுக்கிறீங்களா? முதல்ல இந்த 5 விஷயத்தைப் பாருங்க

மாசச் சம்பளம் ஒரு பக்கம், சின்னதா ஒரு தொழில் இன்னொரு பக்கம்னு ஓடுறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "லோகோ, வெப்சைட், வீடியோ எடிட்டிங் எல்லாம் வெளியில கொடுக்கணும். நம்பிக்கையான ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டுப் பாருங்க. "இந்த ஆள் நாளைக்கே போனை எடுக்காம போனா, என் தொழில் ஓடுமா?" ஓடும்னு உங்களால சொல்ல முடியணும். ஆளைத் தேர்ந்தெடுக்கிறதும் ஒப்பந்தம் போடுறதும் அதுக்காகத்தான்.

என்னிடம் கணக்கு பார்க்கும் ஒருத்தர் ஐடி வேலையில் இருக்கார். அம்மா அரைக்கும் மசாலாப் பொடிகளை ஆன்லைனில் விற்கிறார். 18,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் செய்தார், வேலையும் நல்லாவே இருந்தது. ஆனா டொமைன் ஃப்ரீலான்சரோட பெயரில், அவரோட மெயிலில் இருந்தது. ஒரு வருஷம் கழிச்சு, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் அவருக்குத்தான் போச்சு. அதுக்குள்ள அவர் வேறு வேலைக்குப் போய், நம்பரையும் மாத்திட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரம், பொடி பாக்கெட்டில் அச்சடித்த வெப்சைட் முகவரி திறக்கவே இல்லை. அந்த ஃப்ரீலான்சர் ஏமாத்தணும்னு நினைக்கலை. இருந்தாலும் சீசன் வியாபாரம் போச்சு.

சரி, என்ன செய்யலாம்?

1. பழைய கஸ்டமரிடம் பேசுங்க

சாம்பிள் எல்லாருமே அழகாத்தான் காட்டுவாங்க. அதில் எந்தப் பகுதியை அவரே செய்தார்னு கேளுங்க. பிறகு பழைய கஸ்டமர் 2 பேரின் நம்பர் வாங்கிப் பேசுங்க. சொன்ன தேதியில் கொடுத்தாரா? திருத்தம் சொன்னப்போ எப்படி எடுத்துக்கிட்டார்? அடுத்த வேலையையும் இவருக்கே கொடுப்பீங்களா? கடைசிக் கேள்விக்கு அவங்க தயங்கினா, அந்தத் தயக்கமே பதில்.

2. முதலில் சின்ன வேலை, காசு கொடுத்து

10 வீடியோ எடிட் செய்யணுமா? முதலில் ஒண்ணு மட்டும் கொடுங்க, அதுக்கு உரிய பணத்தையும் கொடுங்க. இலவசமா செய்யச் சொன்னா, கையில் வேலை இருக்கிற நல்ல ஆள் வரமாட்டார். வேலை தொடங்கும் முன் அவர் என்ன கேட்கிறார்னு கவனிங்க. யார் பார்ப்பாங்க, எத்தனை நிமிஷம், எப்போ வேணும்னு கேட்கிறவர் யோசிக்கிறார். எதுவுமே கேட்காம "பண்ணிடலாம் சார்"னு சொல்றவர்கிட்ட கொஞ்சம் கவனமா இருங்க.

3. பணத்தைப் பிரிச்சுக் கொடுங்க

20,000 ரூபாய் வேலைன்னா, தொடங்கும்போது 6,000, முதல் வடிவம் வந்ததும் 8,000, எல்லா ஃபைலும் கைக்கு வந்ததும் மீதி 6,000. இது ரெண்டு பேருக்குமே நியாயம். எத்தனை முறை திருத்தம் உண்டுன்னும் முன்னாடியே எழுதிக்கோங்க.

பணத்தை யுபிஐ அல்லது வங்கி மூலமாகவே அனுப்புங்க. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைத் தொழில் செலவாகக் கழிக்கப் பொதுவாக முடியாது. பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால், அந்த 15 இலக்க எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுச் சரிபாருங்க. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.

4. காசு கொடுத்தா உரிமை வந்துடாது

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. உங்க சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்குவது பொதுவாக உங்களுக்குச் சொந்தம். ஆனா ஃப்ரீலான்சர் எழுதும் கட்டுரை, வெப்சைட் கோடு, வரையும் லோகோ இதுக்கெல்லாம் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் பொதுவாக அவர்தான். உரிமை உங்களுக்கு மாறணும்னா, அது எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்கணும். காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான். இடம் குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான்.

அதனால ஒரு பக்கத்தில் எழுதிக்கோங்க: "முழுத் தொகையும் பெற்றதும், இந்த வேலையின் பதிப்புரிமையை, அது நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் மாற்றித் தருகிறேன்." வேலை என்ன, தொகை எவ்வளவுன்னும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்க. பெரிய தொகைன்னா வக்கீலிடம் ஒருமுறை காட்டிடுங்க.

5. சாவி உங்க கையில் இருக்கட்டும்

டொமைன், ஹோஸ்டிங், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு எல்லாமே உங்க மெயில், உங்க மொபைல் நம்பரில் இருக்கணும். ஃப்ரீலான்சருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க. லோகோவின் படம் மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூல ஃபைலையும் வாங்குங்க.

ஏற்கெனவே வேலை கொடுத்தவங்க, இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. எந்தக் கணக்கு யார் பெயரில் இருக்குன்னு ஒரு தாளில் எழுதுங்க. உங்க பெயர் இல்லாத இடம் இருந்தா, உறவு நல்லா இருக்கும்போதே மாத்தித் தரச் சொல்லுங்க. மனஸ்தாபம் வந்த பிறகு கேட்டா, அதே வேலைக்கு ரொம்ப நாள் அலையணும்.