"உங்க ஊர்ல கொட்டுச்சா? இங்க தூறல்கூட இல்லையே!" - கோடை மழையை வீட்டிலேயே அளப்பவர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "இங்க செம மழை, கரன்ட் போயிடுச்சு" என்று பொள்ளாச்சியிலிருந்து சித்தி வீடியோ போடுவார். "கொடுத்து வெச்சவங்க! இங்க ஃபேன் காத்தே சுடுது" என்பார் சென்னையில் இருக்கும் அத்தை. "பக்கத்து ஊர்ல பெய்யுதாம், எங்களுக்கு வெறும் இடிதான்" என்று திருமங்கலத்து மாமா புலம்புவார்.

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழையின் குணமே அதுதான். மாநிலம் முழுக்க ஒரே சீராகப் பெய்யாது. ஒரே ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நனைந்திருக்கும், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் புழுதி பறக்கும். இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடிக்க எல்லா இடத்திலும் அரசாங்கக் கருவி கிடையாது. அந்த இடைவெளியைத்தான் வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் மழைமானி வைத்து, தினமும் நோட்டில் எழுதிவரும் வானிலை ஆர்வலர்கள் நிரப்புகிறார்கள்.

மேற்கே ஏன் கூடுதல், கடற்கரையில் ஏன் குறைவு?

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். இதில் கிட்டத்தட்ட பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. கோடையின் பங்கு சுமார் 125 மி.மீ. மட்டுமே. அதுவும் மாநிலச் சராசரிதான். கன்னியாகுமரி, நீலகிரி, தேனி, கொடைக்கானல் மலைப்பகுதிகளுக்குக் கோடையில் நல்ல மழை கிடைக்கும். சென்னையிலோ மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பெயருக்குக்கூட மழை இல்லாத வருடங்கள் உண்டு.

காரணம் எளிமையானது. காலையிலிருந்து காயும் வெயிலில் தரை கொதிக்கிறது. சூடான காற்று மேலே எழுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும், வடக்கு, வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் உள்மாவட்டங்களுக்கு மேலே சந்திக்கின்றன. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் சேர்ந்து காற்றை மேலே தள்ளுகிறது. பிற்பகல் 3 மணிக்கு மேல் கருமேகம் திரண்டு, இடி மின்னலோடு கொட்டுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் ஈரக்காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இதற்கு இன்னும் கைகொடுக்கிறது.

கடலோரத்தில் மதியமானால் கடற்காற்று உள்ளே வந்துவிடும். உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் தரை குளிர்ந்துவிடுவதால் காற்று மேலெழும் வேகம் குறைகிறது. நம்மைக் கடந்துபோகும் அந்த ஈரம் உள்ளே போய் வேறு ஊரில் மழையாக இறங்குகிறது. சென்னைக்கு மே மாதத்தில் பெரிய மழை வந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் வங்கக்கடலில் ஒரு புயலோ தாழ்வு மண்டலமோ இருக்கும். 2010-ல் லைலா, 2016-ல் ரோனு புயல் வந்தபோது அப்படித்தான் நடந்தது.

கோடை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் கொட்டி முடித்துவிட்டுக் கலைந்துவிடும். அதனால்தான் இந்தத் தெருவில் வெள்ளம், அடுத்த தெருவில் வெயில்.

சராசரி மறைக்கும் சங்கதி

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கிராமங்கள். ஒன்றில் 60 மி.மீ. கொட்டியது, மற்ற இரண்டிலும் சுத்தமாக இல்லை. சராசரி 20 மி.மீ. செய்தியில் 'பரவலாக மிதமான மழை' என்று வரலாம். ஆனால் மூன்று ஊரில் ஒன்றில்கூட 20 மி.மீ. பெய்யவில்லை! அதிலும் ஒரே ஒரு மழைமானிதான் இருக்கிறது, அது காய்ந்த ஊரில் இருக்கிறது என்றால், அன்று மழையே இல்லை என்றுதான் பதிவாகும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

முதலில் மானாவாரி விவசாயிக்கு. 'கோடை உழவு கோடி நன்மை' என்பார்கள். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்ததும் உழுதால், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் சாகும். களை குறையும். அடுத்த மழை மண்ணுக்குள் இறங்கும். இதற்குப் பெய்தது 'உழவு மழையா' வெறும் புழுதி அடங்கும் தூறலா என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் வாசலில் கிடக்கும் உரலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பார்த்துச் சொன்னதும் இதே கணக்குத்தான்.

அடுத்து காபித் தோட்டம். ஏற்காட்டிலும் பழனி மலையின் கீழ்ப்பகுதிகளிலும் மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால், ஒரு வாரம் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். தன் தோட்டத்தில் என்றைக்கு எத்தனை மி.மீ. பெய்தது என்று எழுதிவைப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, அந்த வருடத்து விளைச்சல் கணக்கு.

அதே மழை இன்னொருவர் வயிற்றில் அடிக்கும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் கோடைதான் உப்பு விளையும் காலம். ஒரு மழை போதும், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து, மறுபடி வேலை தொடங்கப் பல நாள் ஆகும். கோபி, மேட்டுப்பாளையம் பக்கம் மழையோடு வரும் சூறைக்காற்றில் குலை தள்ளிய வாழை சாய்ந்துவிடும். கிருஷ்ணகிரியில் மாங்காய் உதிரும்.

காப்பீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில், குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான அளவை வைத்துத்தான் இழப்பீடு கணக்கிடப்படும். நிலையத்தில் பெய்து, நம் வயலில் பெய்யாமல் போனால் காகிதத்தில் நமக்கு நஷ்டமே இல்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. 2024-ல் மார்ச், ஏப்ரல் வறண்டுகிடந்து, மே மாத நடுவில் மழை வெளுத்து வாங்கியது. மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவியில் குளிப்பவர்களுக்கு மலைக்கு மேலே பெய்யும் மழை தெரியாது. மேலே ஒருவர் அளந்து, கீழே இருப்பவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளந்து காட்டியவர்கள்

சாதாரண மக்கள் மழையை அளப்பது புதிதல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர் 1860-ல் 168 இடங்களின் மழைக் கணக்கைத் திரட்டி வெளியிட்டார். 1900-ல் அவர் இறந்தபோது 3,000-க்கும் அதிகமான இடங்களிலிருந்து கணக்கு வந்துகொண்டிருந்தது. அளந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 அன்று பெருமழை. நகரின் ஒரு பக்கம் 35 செ.மீ.க்கு மேல் கொட்டியது, இன்னொரு பக்கம் 5 செ.மீ.கூட இல்லை. 5 பேர் இறந்தார்கள். எங்கே எவ்வளவு பெய்தது என்று முழுதாகத் தெரியவந்ததே, பிறகு வீடு வீடாகக் கேட்ட பின்புதான். அடுத்த வருடமே 'கோகோராஸ்' என்ற தன்னார்வலர் அமைப்பு பிறந்தது. இன்று பல ஆயிரம் வீடுகளில் ஒரே மாதிரி மழைமானியில் தினமும் அளக்கிறார்கள்.

பக்கத்திலேயே வயநாட்டில், ஹியூம் சூழலியல் மையம் விவசாயிகள், தோட்டக்காரர்கள் துணையோடு 200-க்கும் அதிகமான இடங்களில் மழையை அளந்துவருகிறது. 2024 ஜூலை 30 அன்று அங்கே பெரும் நிலச்சரிவு நடப்பதற்கு முன்பே, இந்தக் கணக்கை வைத்து அந்த மையம் எச்சரித்திருந்தது.

தமிழ்நாட்டில் 2015 சென்னை மழைக்குப் பிறகு 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். நாளை மழை வருமா என்று சொல்பவர்களை நமக்குத் தெரியும். நேற்று எவ்வளவு பெய்தது என்று சத்தமில்லாமல் எழுதிவைப்பவர்களை அவ்வளவாகத் தெரியாது. முதலாவது வேலைக்குப் படிப்பும் அனுபவமும் வேண்டும். இரண்டாவதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம், தாத்தாவும் செய்யலாம்.

நீங்களும் அளக்கலாம்

* பாத்திரம்: வாயும் அடியும் ஒரே அகலத்தில், பக்கங்கள் நேராக இருக்கும் டப்பா போதும். அதில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், பெய்தது 1 செ.மீ. (10 மி.மீ.) மழை. வாய் அகன்ற பக்கெட் கணக்கைக் கெடுத்துவிடும்.

* புனல் முறை: வாயின் குறுக்களவு 11.3 செ.மீ. உள்ள புனலை ஒரு பாட்டிலில் பொருத்துங்கள். சேர்ந்த தண்ணீரை மருந்து அளக்கும் மூடியால் அளங்கள். ஒவ்வொரு 10 மில்லியும் 1 மி.மீ. மழை.

* இடம்: மரம், சுவர், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். அவற்றின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, திறந்த இடத்தில், சாயாமல் வையுங்கள்.

* நேரம்: இந்திய வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணி நேர மழையைத்தான் ஒரு நாள் கணக்காகச் சொல்கிறது. நீங்களும் அதே நேரத்தில் பார்த்து, எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 'மழை நாள்'.

* பூஜ்யம்: பெய்யாத நாளில் '0' என்று எழுதுங்கள். காலியாக விட்டால், மழை இல்லையா நீங்கள் ஊரில் இல்லையா என்று பிறகு தெரியாது.

* பாதுகாப்பு: இடி மின்னல் நேரத்தில் மொட்டைமாடிக்குப் போகவே வேண்டாம். கணக்கு காலை வரை காத்திருக்கும்.

அளந்த எண் என்ன சொல்கிறது? 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 600 சதுர அடி மொட்டைமாடியில் 1 செ.மீ. பெய்தால் சுமார் 550 லிட்டர். ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர்!

ஒரு வீட்டின் ஒரு நாள் கணக்கு பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரே ஊரில் பத்து வீடுகள், ஒரே நேரத்தில், ஐந்து கோடைகள் அளந்தால் எந்தத் தெரு எப்போதும் நனைகிறது, எந்த மேட்டுக்காடு எப்போதும் ஏமாறுகிறது என்று தெரிந்துவிடும். எங்கே குட்டை வெட்டலாம், எங்கே எள் விதைக்கலாம் என்று பேசுவதற்கு அது போதும்.

அடுத்த முறை சித்தி மழை வீடியோ போட்டால், "எத்தனை மி.மீ. சித்தி?" என்று கேளுங்கள். டப்பாவை வெளியில் வைக்க அந்த ஒரு கேள்வியே போதும்.